கூட்டாத கட்டம்

பல்லு செட் செய்யுற லேப்புல வேலை பாக்குறதால அவளுக்குப் பல்லக்கான்னு பேரு வந்துச்சு. அவள விட மூத்தவங்க கூட அப்படித்தான் கூப்பிடுவாங்க. வாயத் தெறந்து காட்டுற ஆளு யாரும் அந்த லேப்புக்கு வர மாட்டாங்க. அவங்க வாயோட அச்சு மட்டும் ஒரு டப்பாவுல நம்பர் ஒட்டி வரும். அந்த அச்ச வச்சு மெழுகுல பல்லு நட்டு, மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒழுங்கா உக்காருதான்னு நீலக் காகிதம் வச்சுக் கடிக்க விட்டுப் பாக்கணும். எங்க நீலம் அதிகமா ஒட்டுதோ அங்க மட்டும் தேய்க்கணும். ஆறு வருஷமா முகம் தெரியாத ஆளுங்களுக்குச் சிரிப்பு செஞ்சு அனுப்பிக்கிட்டு இருந்தா.

முகம் தெரிஞ்ச ஆளுங்க அவளுக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும்தான். லைப்ரரியோட கீழ்த்தளத்துல ஒரு ரூம்பு. ஜன்னல் ஒசரத்துல இருக்கும், அதுல தெருவுல போறவங்களோட செருப்பும் வண்டிச் சக்கரமும் மட்டும் தெரியும். ஒரு நீள மேசை, ஏழெட்டு நாற்காலி, கொதிக்கும்போது மூடி ஆடுற ஒரு கெட்டில். இந்த வெளிநாட்டு ஊர்ல நம்ம பாஷை பேசுறவங்க கொஞ்சப் பேரு அங்க கூடி விளையாடுவாங்க. சீட்டு இல்ல, செஸ் இல்ல. ஒருத்தர் கதைய நடத்துவாரு. மத்தவங்க ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்குவாங்க. ஒருத்தர் திருடன், ஒருத்தர் வைத்தியர், ஒருத்தர் ஓடிப்போன இளவரசி. "நீ இப்ப ஒரு பூட்டுன கதவு முன்னாடி நிக்கிற, என்ன பண்ணுவ?"ன்னு நடத்துறவரு கேப்பாரு. "ஒதைக்கிறேன்"னு சொன்னா, கதவு தெறக்குமா காலு ஒடையுமான்னு டைஸ் உருட்டிப் பாக்கணும். வெளிய இருந்து பாத்தா வயசானதுங்க உக்காந்து வாயாலயே வண்டி ஓட்டுற மாதிரி இருக்கும். உள்ள உக்காந்தவங்களுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றதுக்குள்ள உசுரு போயிடும்.

வருஷத்துக்கு ஒருவாட்டி, பல ஊர்ல இருந்து இந்தப் பைத்தியம் புடிச்சவங்க எல்லாம் அந்த லைப்ரரில ஒரு நாள் கூடுவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு போட்டி நடக்கும். யாரு வேணும்னாலும், எந்த நாட்டுல இருந்து வேணும்னாலும், சொந்தமா யோசிச்ச ஒரு ஆட்டத்த எழுதி அனுப்பலாம். ஜெயிச்சவங்கள அழைப்புக் கடிதமும் டிக்கெட்டும் குடுத்துக் கூப்பிடுவாங்க. வந்து அந்த ஆட்டத்த எல்லாருக்கும் நடத்திக் காட்டணும். மார்க்குப் போட மூணு பேரு. அந்த மூணு பேரு யாருன்னு முடிவு வர்ற வரைக்கும் வெளிய சொல்ல மாட்டாங்க, வருஷா வருஷம் ஆள மாத்துவாங்க. இந்த வருஷம் லைப்ரரில புத்தகம் அடுக்குற லைப்ரரிம்மா, டவுன் பஸ் ஓட்டுற டிரைவர் அண்ணன், பல்லக்கா.

மார்க்குத் தாள்ல ரெண்டு கட்டம் இருக்கும். அந்தப் பழக்கம் வந்ததே டிரைவர் அண்ணனாலதான். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பேய்க்கதை ஆட்டத்துக்கு அவரு பூஜ்யம் போட்டுட்டாரு. சண்டையே இல்லையாம்.

"டிரைவரே, ஆட்டம் நல்லா இல்லையா, இல்ல உங்களுக்குப் பிடிக்கலையா?"ன்னு லைப்ரரிம்மா கேட்டாங்க.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா."

"எனக்கு பஸ்ஸே பிடிக்காது. ஏறுனா வாந்தி வரும். அதுக்காக உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியலன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?"

அடுத்த வாரமே தாள்ல கோடு விழுந்துச்சு. மொதக் கட்டம் 'நல்லா இருக்கா', ரெண்டாவது கட்டம் 'பிடிச்சிருக்கா'. ரெண்டுக்கும் பத்துக்கு எத்தனைன்னு போடணும். ஆனா மொதக் கட்டத்த மட்டும்தான் கூட்டுவாங்க. ரெண்டாவதக் கூட்ட மாட்டாங்க, சும்மா வாசிப்பாங்க. மனசுல இருக்குறத எங்கயாவது கொட்டிட்டா அது மொதக் கட்டத்துல ஒழுகாதுன்னு லைப்ரரிம்மா கணக்கு.

"இதே மாதிரி ரெண்டு கட்டத்த வீட்டுல சமையலுக்கு வச்சா என்னாகும்?"னு டிரைவர் அண்ணன் கேட்டப்ப, "உங்க வீட்டம்மா உங்களுக்கு எப்பவோ வச்சிருப்பாங்க, கேட்டுப் பாருங்க"ன்னாங்க லைப்ரரிம்மா.

பதினாலு ஆட்டம் வந்திருந்துச்சு. பேர எல்லாம் எடுத்துட்டு நம்பர் மட்டும் போட்டுக் குடுத்தாங்க. லேப்புல சாப்பாட்டு நேரத்துல, மெழுகு வாசனைக்கு நடுவுல உக்காந்து பல்லக்கா ஒவ்வொண்ணாப் படிச்சா. பதினொண்ணாவது ஆட்டத்துக்குப் பேரு 'நின்னுபோன லிஃப்ட்'.

நாலு பேரு ஒரு லிஃப்டுல மாட்டிக்கிறாங்க. ரெண்டு மாடிக்கு நடுவுல வண்டி நின்னுடுது. கீழ ஏழு மாடி. ஒவ்வொரு சுத்துக்கும் யாராவது ஒருத்தர் மேல்மூடியத் தெறந்து வெளிய ஏறி, கம்பியும் பிரேக்கும் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து மத்தவங்களுக்குச் சொல்லணும். அந்தக் கம்பியில கிரீஸ் எங்க காஞ்சிருக்கும், பிரேக் சூடானா என்ன வாசனை வரும்னு எழுதியிருந்தத அவ ரெண்டாவது தடவ படிச்சா. அவ தம்பி ஊர்ல லிஃப்ட் மெக்கானிக். ஆனா உலகத்துல லிஃப்ட் மெக்கானிக் அவன் ஒருத்தனா?

அடுத்த பக்கத்துல விதி இருந்துச்சு. டைஸ மூடி போட்ட ஒரு தகர டப்பாவுல போட்டுக் குலுக்கணும். வெளிய போற ஆளு மட்டும் மூடியத் தெறந்து பாத்துட்டு, மூடிட்டு, நம்பரச் சொல்லணும். நாலோ அதுக்கு மேலயோ வந்தா லிஃப்ட் ஒரு மாடி எறங்கும். மூணோ அதுக்குக் கீழயோ வந்தா, பாத்துட்டு வந்த ஆளுக்கு இருக்குற மூணு பலத்துல ஒண்ணு கொறையும். மூணும் போச்சுன்னா அந்த ஆளு மேல இருட்டுலயே தங்கிடணும். அதுக்குக் கீழ தனியா ஒரு வரி: 'டப்பாவக் காட்டுன்னு யாரும் கேக்கக் கூடாது. சொன்னா சொன்னதுதான்.'

கையில இருந்த சோத்துப் பாத்திரத்த மூடி வச்சுட்டா.

சின்ன வயசுல அவங்க இருந்த வாடகை வீட்டுத் தரை ஒரு பக்கமாச் சரிஞ்சிருக்கும். டைஸ் உருட்டுனா நேரா கட்டிலுக்கு அடியில போயிடும். அந்த இடுக்குல தம்பி ஒருத்தன்தான் நுழைவான். அம்மா வேலைக்குப் போயிருப்பாங்க, வீட்டுல இவங்க ரெண்டு பேரும்தான். தம்பி தவழ்ந்து போயி, வாயில நூலாம்படையோட, "அக்கா, ரெண்டு"ம்பான். அங்கயிருந்து ஆறுன்னு சொன்னாலும் யாரு போயிப் பாக்கப் போறா? ஆனா அவன் தோக்குற நம்பரையும் அப்படியே சொல்லுவான். ஒருநாள் அவ சந்தேகப்பட்டு, "நெசமா?"ன்னு கேட்டுட்டா. அன்னைக்குப் பூரா அவன் பேசல. அன்னையிலருந்து அவங்களுக்குள்ள ஒரு விதி: கீழ போய்ப் பாத்தவன் சொன்னா சொன்னதுதான்.

ஆறு வருஷமா அவன அவ பாக்கல. இந்த நாட்டுல தங்க அவ போட்ட பேப்பரு இன்னும் ஆபீசுல கெடக்கு. நாட்ட விட்டுக் கிளம்புனா திரும்ப உள்ள விட மாட்டாங்க. அவ கூப்பிட்டா அவனுக்கும் அனுமதி கெடைக்காது, பேப்பர் இல்லாதவ எழுதுற அழைப்புக்கு மதிப்பில்ல. ஒரு சங்கமோ லைப்ரரியோ கூப்பிட்டாத்தான் உண்டு. அம்மா தவறுனப்பக் கூட அவ போன் திரையிலதான் பாத்தா. தம்பிதான் தனியா எல்லாம் பண்ணான். அன்னையிலருந்து அவங்க பேச்சு கொறஞ்சுபோச்சு. வாரம் ஒரு தடவ போன் பண்ணுவான். "சாப்பிட்டியா?" "ம்." "நீ?" "ம்." அதுக்கப்புறம் லைன்ல காத்துச் சத்தம்தான்.

இப்ப அவன் வர்றதுக்கு ஒரே ஒரு வழி பதினொண்ணாம் நம்பர் போட்டு அவ மடியில கெடக்கு.

தெரிஞ்சவங்க ஆட்டம்னு தெரிஞ்சா வெலகிடணும், அதுதான் போட்டியோட சட்டம். அப்ப மத்த ரெண்டு பேரோட மார்க்க வச்சே மூணாவதும் போட்டுக்குவாங்க. அவளுக்கு அது தெரியாம இல்ல. ஆனா வெலகணும்னா காரணம் சொல்லணும். "என் தம்பிதான்"னு சொன்ன அடுத்த நிமிஷம், ஞாயித்துக்கிழமை கூட ஆடுற நர்ஸு அழுதுடுவா. டிரைவர் அண்ணன் கண்ண மூடிக்கிட்டு பத்து போட்டுடுவாரு, லைப்ரரிம்மா கூட கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுட்டு பேனாவ எடுப்பாங்க. அப்படி வந்தா அது அவன் ஜெயிச்சு வந்ததா ஆகாது, அக்கா பாவம்னு வந்ததா ஆயிடும். ஒருவேள அவன் இல்லாமயும் இருக்கலாம்ல. இப்படி நாலு பக்கமும் யோசிச்சு, வாயத் தெறக்காம இருந்துட்டா.

அந்த ஞாயித்துக்கிழமை பதினொண்ண ஆடிப் பாக்க மேசையில போட்டாங்க. பல்லக்காதான் நடத்துனா. நர்ஸு, டிரைவர் அண்ணன், லைப்ரரிம்மா, நர்ஸோட வீட்டுக்காரர் நாலு பேரும் லிஃப்டுக்குள்ள. டப்பாவுக்கு லைப்ரரிம்மாவோட பின்னூசி டப்பா.

மொத ஆட்டம் பத்து நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு. டிரைவர் அண்ணன் மூடியத் தெறந்து பாத்தாரு, "ஆறு"ன்னாரு. அடுத்த தடவையும் ஆறு. நர்ஸோட வீட்டுக்காரரு சிரிச்சுக்கிட்டே, "எனக்கும் ஆறு, என்ன ஒரு ராசி"ன்னாரு. லிஃப்டு சறுக்கிக்கிட்டு தரைக்கு வந்துடுச்சு.

"இதுல என்னம்மா இருக்கு?"ன்னு டிரைவர் அண்ணன் டப்பாவத் தள்ளுனாரு. "பொய் சொன்னா புடிக்க விதி இல்ல. இவன் எழுத மறந்துட்டான்."

"மறந்திருக்க மாட்டாங்கண்ணே"ன்னா பல்லக்கா.

"இன்னொரு வாட்டி ஆடலாமே"ன்னு நர்ஸு கேட்டா. அவளுக்கு அன்னைக்கு லீவு, வீட்டுக்குப் போக மனசில்ல.

ரெண்டாவது ஆட்டத்துல பத்தாவது சுத்து. நர்ஸோட முறை. அவ ஏற்கனவே ரெண்டு பலம் போயி நிக்கிறா. மூடியத் தெறந்து பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. மூடுனா.

"ரெண்டு."

ரெண்டுன்னா அவ ஆளு இருட்டுலயே நிக்கணும். ஆறுன்னு சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது.

"ஏன்டி?"ன்னாரு அவ வீட்டுக்காரரு, மெதுவா.

"ரெண்டுதான் வந்துச்சு."

அடுத்தது டிரைவர் அண்ணன். டப்பாவக் குலுக்கி, மூடியப் பாதி தெறந்து, உள்ள பாத்துட்டு, மூஞ்சியத் தடவிக்கிட்டாரு. "மூணு"ன்னாரு, யாருகிட்டயோ அடி வாங்குன மாதிரி. அதுக்கப்புறம் அந்த மேசையில ஒருத்தரும் சிரிக்கல. ஆட்டம் முடிய ரெண்டு மணி நேரம் ஆச்சு. நாலு பேருல ஒருத்தர்தான் தரைக்கு வந்தாங்க. பல்லக்கா தண்ணி புடிக்கிறேன்னு கெட்டிலத் தூக்கிட்டுப் போயி, குழாயத் தெறந்துவிட்டுட்டு நின்னா. கெட்டில் ரொம்பி வழிஞ்சுது.

மார்க்குத் தாள அந்த வாரம் லேப் மேசையில வச்சு எழுதுனா. ரெண்டாவது கட்டம் சுலபம். பத்து. பேனா தானா போட்டுச்சு. மொதக் கட்டத்துல ஒன்பதுன்னு எழுதப் போயி, கை நின்னுடுச்சு.

இந்த ஒன்பதுல எத்தனை ஆட்டத்துக்கு, எத்தனை தம்பிக்கு?

ரெண்டு மார்க்கு தம்பிக்குன்னு வச்சுக்குவோம். ஏழு. அப்புறம் யோசிச்சா, ஆறு வருஷமா பாக்காதவனுக்கு வெறும் ரெண்டு மார்க்கா? மனசாட்சியோட சொல்லணும்னா இன்னும் ஒண்ணாவது போகும். ஆறு. அந்த ஆறையும் பாத்தா ஆசையாத்தான் இருந்துச்சு, ஆசையா இருந்ததால அதுலயும் சந்தேகம் வந்துடுச்சு. அஞ்சு. பக்கத்துல நீலக் காகிதம் கெடந்துச்சு. தொழில்ல சேந்த புதுசுல அவ பண்ணுன தப்பு ஒண்ணு உண்டு. நீலம் ஒட்டுன இடத்த எல்லாம் பயந்து பயந்து தேச்சு, கடைசியில பல்லு பல்லத் தொடாமலே போச்சு. தேச்சத ஒட்ட வைக்க முடியாதுன்னு லேப் மேஸ்திரி கத்துனாரு. அது ஞாபகம் வந்தும் கை நிக்கல. நாலுன்னு போட்டு கவருக்குள்ள வச்சுட்டா. மத்த ரெண்டு பேரும் என்ன, ரொம்பத்தான் போட்டா அஞ்சோ ஆறோ போடுவாங்க, எப்படியும் டிரைவர் அண்ணன் கழுவி ஊத்துவாருன்னு நெனச்சா.

அடுத்த ஞாயித்துக்கிழமை லைப்ரரிம்மா கவரப் பிரிச்சாங்க. மூணாம் நம்பர், 'உப்பு வழி', கழுதை மேல உப்பு ஏத்திட்டுப் பாலைவனத்தக் கடக்குற ஆட்டம். ஏழு, ஆறு, எட்டு. இருபத்தொண்ணு. எட்டு போட்டது பல்லக்கா. ரொம்ப ஒழுங்கா எழுதுன ஆட்டம், ஒரு இடம் இடறல. ரெண்டாவது கட்டத்துல அதுக்கு மூணு போட்டிருந்தா, கழுதை எண்ணி எண்ணித் தூக்கம் வந்துச்சு.

பதினொண்ணு.

"நான் எட்டு"ன்னாங்க லைப்ரரிம்மா. "டிரைவர் எட்டு."

பல்லக்கா நிமிந்து பாத்தா. "நீங்களாண்ணே?"

"ஆமா. ரெண்டாவது கட்டத்தப் பாரு, ரெண்டுதான். எனக்கு அந்த மாதிரி ஆட்டம் ஆகாது, வீட்டுக்குப் போயும் தூக்கம் வரல. அது என் பிரச்சன. ஆட்டம் ஆட்டம்தான். பொய்ய புடிக்க விதி வச்சிருந்தா செத்துப் போயிருக்கும், எனக்கு அன்னைக்கு அது புரியல." அவரு அவ தாளை எட்டிப் பாத்தாரு. "நீ என்ன, நாலா? பிடிச்சதுக்குப் பத்து, நல்லாருக்குக்கு நாலா? என்னம்மா இது, பல்லு ஒரு பக்கம் வாய் ஒரு பக்கம்?"

"விதியில ஓட்டை இருக்குண்ணே."

"எங்க?"

ஓட்டை எங்கன்னு அவ பாக்கவே இல்ல. கண்ண மூடிக்கிட்டு கழிச்சவளுக்கு என்ன தெரியும்?

லைப்ரரிம்மா கூட்டிப் பாத்தாங்க. இருபது. ஒரு மார்க்குல மூணாம் நம்பர் ஜெயிக்குது. பேனா மூடியக் கழட்டிக்கிட்டே அவ முகத்தப் பாத்தாங்க. "மாத்தணும்னா இப்பவே சொல்லும்மா. இன்னும் யாருக்கும் அனுப்பல. தப்பாப் போட்டுட்டேன்னா தப்பில்ல."

ஆறுன்னு ஒரு வார்த்த. சொன்னாப் போதும். அவன் வந்துடுவான். லேப்பு இருக்குற சந்துல அவன் நடந்து வருவான், தலையச் சொறிஞ்சுக்கிட்டு, நம்பர் தேடிக்கிட்டு. ஆனா மத்தவங்க நம்பரக் கேட்டதுக்கப்புறம், எத்தன வேணும்னு எண்ணி மாத்துனா அது மார்க்கா? அவளுக்கு அந்த ஆறு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

"இருக்கட்டும்மா"ன்னா.

மார்க்குத் தாளோட நகல ஆட்டம் எழுதுனவங்க எல்லாருக்கும் அனுப்புவாங்க, யாரு போட்டதுன்னு பேர் இல்லாம. புதன்கிழமை சாப்பாட்டு நேரத்துல தம்பி போன் பண்ணான். வாரக் கடைசியிலதான் பண்ணுவான். அவ கை மெழுகோட எடுத்தா.

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லல. உங்க லைப்ரரி போட்டிக்கு நான் ஒரு ஆட்டம் எழுதி அனுப்பினேன்."

"ம்."

"என்ன ம்? ஆச்சரியமா இல்லையா? ஜெயிச்சிருந்தா உன் லேப் வாசல்ல வந்து நின்னிருப்பேன். சொல்லாமலே வரணும்னு இருந்தேன். வேலையில லீவு கூட சொல்லி வச்சுட்டேன், தெரியுமா? ஒரே ஒரு மார்க்கு. யாரோ ஒரு மகராசன் நாலு போட்ருக்கான். அதுவும் எப்படி, பிடிச்சிருக்குன்னு பத்து, நல்லா இருக்குன்னு நாலு. லிஃப்டுல எங்கயோ தல மாட்டுன ஆளா இருப்பான் போல."

பின்னாடி யாரோ சுத்தியல்ல தட்டுற சத்தம். அவன் வேலையில இருந்துதான் பேசுறான். பல்லக்கா ஸ்டூலுல உக்காந்தா.

"நான்தான்டா."

"என்ன நீதான்?"

"நாலு."

சுத்தியல் சத்தம் நின்னுடுச்சு. அவன் எங்கயோ தள்ளி வந்துட்டான் போல.

"நான் எழுதுனதுன்னு தெரியாதா?"

"தெரியும். அதனாலதான்."

"தெரிஞ்சு நாலா?"

"தெரியலன்னா ஒன்பது போட்ருப்பேன்டா. எது உனக்கு எது ஆட்டத்துக்குன்னு பிரிக்கத் தெரியல எனக்கு. அதான் கழிச்சுட்டே போனேன்."

"அப்ப உனக்குத் தம்பியாப் பொறந்ததுக்கு அஞ்சு மார்க்கு கட்டு." அவன் சிரிக்கல. "நான் கேக்கல அக்கா, எனக்காகப் போடுன்னு. தெரியாதவன் எழுதுனா என்ன போடுவியோ அதப் போட்டிருக்கலாம்ல. எவனோ எழுதுனதுக்கு நியாயம் பாக்குற. எனக்கு அது கூட இல்ல."

"டேய்..."

"வேல இருக்கு." வச்சுட்டான்.

அந்த வாரக் கடைசியில அவன் பண்ணல. அடுத்த வாரமும் பண்ணல. இவ ரெண்டு தடவ பண்ணா, அடிச்சு அடிச்சு நின்னுபோச்சு. முன்னெல்லாம் "சாப்பிட்டியா"வுக்கு அப்புறம் லைன்ல வர்ற காத்துச் சத்தத்த வெறுத்தவ, இப்ப அது கெடைச்சாக் கூட போதும்னு இருந்தா. லேப்புல ஒரு மேல்வரிசையத் தலைகீழா நட்டு வச்சிட்டா. மேஸ்திரி, "என்ன, ஆளு மேல கோவமா?"ன்னு கேட்டாரு.

லைப்ரரிம்மாகிட்டப் போயி எல்லாத்தையும் சொன்னா. அவங்க திட்டல. "வெலகியிருக்கலாமே பொண்ணே"ன்னு ஒரு வார்த்ததான். அழைப்புக் கடிதம் அதுக்குள்ள மூணாம் நம்பருக்குப் போயிருந்துச்சு. அந்த மனுஷன் ஜாதகம் பாக்குறாப்புல ஒரு நாளைக்கு மூணு தடவ போன் பண்ணி, சூட்கேஸுக்கு எத்தன கிலோன்னு கேட்டுக்கிட்டு இருந்தாராம். அத இனிமே புடுங்க முடியாது, புடுங்கவும் கூடாது.

அப்புறம் அவ உக்காந்து பதினொண்ண மறுபடி படிச்சா. இந்த வாட்டி தம்பியத் தேடல. அவன் குரல் வந்தா வரட்டும்னு விட்டுட்டு, இத எழுதுனது யாருன்னே தெரியாத ஒரு மேசை இத எப்படி ஆடும்னு பாத்தா. மூணு தடவ படிச்சா. மூணாவது தடவதான் நெசமான கொறை ஒண்ணு கண்ணுக்குத் தெரிஞ்சுது. இருட்டுல தங்கிட்ட ஆளுக்கு அதுக்கப்புறம் வேலையே இல்ல. அன்னைக்கு நர்ஸு ஒரு மணி நேரம் சும்மா உக்காந்து ரப்பர் பேண்டு சுத்திக்கிட்டு இருந்தா, யாரும் அதக் கவனிக்கல. இருட்டுல விடப்பட்ட ஆளுக்கு, கீழ எறங்குறவங்க பேசுறது கேக்கணும், பதிலுக்கு ஒரு தடவயாவது சத்தம் குடுக்க வழி இருக்கணும். அது இல்ல. அதுக்கு ஒரு மார்க்குப் போகும். மத்ததெல்லாம் சரி. சரி கூட இல்ல, அவ ஆடுனதுலயே சிறந்தது.

மூணு பக்கம் கையால எழுதி, போட்டோ புடிச்சு அனுப்புனா. மேல 'ஒன்பது'ன்னு எழுதி, அந்த ஒரு மார்க்கு எங்க போச்சுன்னு காரணத்தோட. பூசி மெழுகல. அன்பு, மன்னிப்பு எதையும் எழுதல, ஆட்டத்தப் பத்தி மட்டும். கடைசியில ஒரு வரி: 'சனிக்கிழமை காலையில ஜெயிச்சவர ஏர்போர்ட்டுல போயி நான்தான் கூட்டிட்டு வரணும். லைப்ரரிம்மா சொல்லிட்டாங்க.'

படிச்சிட்டான்னு காட்டுச்சு. பதில் இல்ல.

சனிக்கிழமை காலைல வெளிய வர்ற வாசல்ல நின்னா. கையில அட்டை, அதுல 'உப்பு வழி'ன்னு பெருசா. கண்ணாடிக் கதவு தானாத் தெறந்து தெறந்து மூடுது. ஒவ்வொரு தடவ தெறக்கும்போதும் ஒரு கூட்டம் வரும், கண்ணு அங்க இங்க தேடும், கம்பிக்கு இந்தப் பக்கம் யாராவது கைய ஆட்டுவாங்க. ஒரு அம்மா வந்த பொண்ணப் புடிச்சு, முகத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, சந்தையில பழம் பாக்குற மாதிரி. ஒல்லியா, தோள்ல பையோட வந்த ஆம்பளைங்க எல்லாரையும் பல்லக்கா ஒரு நொடி பாத்தா. அவன் வரப் போறதில்லன்னு அவளுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியல. ஒருத்தன் தலையச் சொறிஞ்சுக்கிட்டே வந்தான், அட்டையக் கீழ எறக்கிட்டா. அவன் அவளத் தாண்டிப் போயி வேற யாரையோ கட்டிப் புடிச்சான்.

'உப்பு வழி' கடைசியா வந்தாரு. அம்பது வயசுக்கு மேல, தையல்காரராம். சட்டையே சொல்லுச்சு, அவ்வளவு கச்சிதம். மொதல் விமானப் பயணம், காலு வீங்கி செருப்புல பாதிதான் நுழைஞ்சிருந்துச்சு.

"நீங்கதான் மார்க்குப் போட்டவங்களாம்மா?"

"மூணு பேருல ஒருத்திண்ணே."

அவரு தள்ளுவண்டியப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. கேக்கலாமா வேணாமான்னு இருந்துச்சு முகம். "ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. என் பொண்ணு, அப்பா நல்லாத்தான் எழுதியிருக்க, ஆனா கழுதை கொஞ்சம் அதிகம்னு சொல்லிட்டா. உங்களுக்கு எப்படி?"

"உங்க பொண்ணு சொன்னதேதான். ரொம்ப நல்ல ஆட்டம்ணே. எனக்குப் பிடிக்கல."

தையல்காரர் வயிறு குலுங்கச் சிரிச்சாரு. அவளுக்கும் சிரிப்பு வந்துடுச்சு, ரெண்டு மாசத்துல மொத தடவயா.

வண்டிய நிறுத்துற எடத்துக்குத் திரும்பும்போது போன் ஒரு தடவ அதிர்ந்துச்சு. தம்பி.

'ஆள் வந்துட்டாரா?'

நின்னு, ஒத்தக் கையால அடிச்சா. 'வந்துட்டாரு.'

'எப்படி இருக்காரு?'

'உன்ன விடக் குள்ளம். காலு வீங்கியிருக்கு.'

எழுதுறான், அழிக்கிறான், எழுதுறான்னு காட்டுச்சு. அப்புறம் வந்துச்சு. 'அந்த ஒரு மார்க்கு கழிச்சது தப்பு. இருட்டுல இருக்குறவனுக்கு வேல இருக்கக் கூடாது, அதான் ஆட்டம். நாளைக்கு பண்றேன். சண்ட போடணும்.'

அத அவ ரெண்டு தடவ படிச்சா. போனப் பையில வைக்க மனசு வராம கையிலயே வச்சுக்கிட்டா. பின்னால கதவு தெறக்குற சத்தம் கேட்டுச்சு, தன்னால திரும்பிப் பாத்தா. இன்னொரு விமானத்துக் கூட்டம் வந்துக்கிட்டு இருந்துச்சு.

"வேற யாரும் வரணுமாம்மா?"ன்னு தையல்காரர் கேட்டாரு. "நிக்கணும்னா நிக்கலாம், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"இல்லண்ணே"ன்னா. "இந்த வருஷம் இல்ல."

சொல்லிட்டும் அவ உடனே நகரல. அவரும் அவசரப்படுத்தல, வண்டியில கையூனிக்கிட்டு கூட நின்னு வர்றவங்களப் பாத்தாரு.